விரிசல் கண்ட பாலம்

பெரும் பாலங்களையும் மாளிகைகளையும் பற்றிப் பேசும்போது அவற்றின் நீளம், உயரம், செலவு ஆகியவற்றையே நாம் முதலில் கேட்கிறோம். அவற்றை ஆக்கியவன் கல்லூரியை விட்டு வெளிவந்த நாளில் எந்த வேலையைத் தேர்ந்தான், எதை விட்டு விலகினான் என்று கேட்போர் சிலரே. ஆனால் பொறியியலில் ஒருவன் முதல் பத்து ஆண்டுகளில் எங்கே நின்று வேலை செய்தான் என்பதைப் பொறுத்தே அவன் கண்ணில் என்ன படும், என்ன படாது என்பது பெரும்பாலும் அமைகிறது. சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்த இராபர்ட் மையார் என்பவரின் இளமைக் காலம் இதற்கு நல்ல சான்றாகும். அவர் தம் வாழ்நாளில் கட்டிய பாலங்கள் பல. அவற்றுள் ஒன்றில் விரிசல் விழுந்தது. அந்த விரிசலைப் பற்றியதே இப்பேச்சு.

மையார் 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் பெர்ன் நகரில் பிறந்தார். தந்தையார் பெல்ஜிய நாட்டவர். வங்கித் தொழிலில் இருந்தவர். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பிய நிலையில் அவர் காலமானார். தாயாரின் பொறுப்பில் வளர்ந்த சிறுவனுக்குக் கணக்கும் வரைதலும் நன்றாக வந்தன. ஜெனீவாவில் ஓராண்டு கடிகாரப் பள்ளியில் பயின்றபின், 1890-இல் ஜூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வில்லெல்ம் ரிட்டர். கார்ல் குல்மான் என்ற பேரறிஞருக்குப்பின் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் அவர். கட்டடத்தின் உறுப்புகளில் விசைகள் எவ்வாறு ஓடுகின்றன என்பதை நீண்ட சமன்பாடுகளால் அன்றி, கோடுகளாக வரைந்து காணும் முறையைக் கற்பித்தவர். வரைந்து காணும்போது மாணவனுக்கு விடை மட்டும் கிடைப்பதில்லை. எந்த உறுப்பு உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ரிட்டர் மற்றொன்றையும் வற்புறுத்தினார். கணக்கு முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கட்டி முடித்த பாலத்தின்மேல் சுமையை ஏற்றி, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பார்க்கவேண்டும் என்பதே அது.

மையார் மாணவராக இருந்தபோதே, 1891-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், பாசல் நகருக்கு அருகில் முன்சன்ஸ்டைன் என்னும் ஊரில் பிர்ஸ் ஆற்றின்மேல் இருந்த இரயில் பாலம் ஓடும் வண்டியோடு இடிந்து வீழ்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாரிஸ் கோபுரத்தால் உலகப்புகழ் பெற்ற ஐபெலின் நிறுவனம் கட்டிய இரும்புப் பாலம் அது. காரணத்தை ஆராய அரசு அமர்த்திய வல்லுநர் இருவரில் ஒருவர் ரிட்டர். மற்றவர் அதே கல்லூரிப் பேராசிரியர் டெட்மையர். ஒல்லியான இரும்புக் கம்பங்கள் அமுக்கும் விசையில் எப்போது நெளிகின்றன என்பதற்கு அதுவரை கையாண்ட சூத்திரம் எல்லா நீளங்களுக்கும் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. மறு ஆண்டே இரும்புப் பாலங்களுக்கென நாடு முழுவதற்கும் விதிகள் வகுக்கப்பட்டன. இத்தகைய நாள்களில் அந்த வகுப்பறையில் அமர்ந்திருந்த இருபது வயது இளைஞர்களுக்குச் சூத்திரம் என்பது வேதவாக்கு அன்று என்பது வேறெவரும் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

1894-இல் மையார் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இரும்பே பாலங்களின் அரசன். கான்கிரீட்டு என்பது சிமெண்டு, மணல், சல்லி, நீர் ஆகியவற்றைக் கலந்து ஊற்றும் செயற்கைக் கல். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். இழுவிசை வரும் இடங்களில் இரும்புக் கம்பியைப் பதித்து அக்குறையைப் போக்கலாம் என்பதைப் பிரான்சு நாட்டு என்னபிக் என்பார் 1892-இல் காப்புரிமை பெற்ற ஒரு முறையாக்கிப் பல நாடுகளில் பரப்பிவந்தார். ஆயினும் பொறியாளர் பலர் அதைக் கல்லின் ஏழைத் தம்பியாகவே கருதினர். கற்பாலத்தின் உருவத்தைக் கான்கிரீட்டில் வார்ப்பதே வழக்கமாக இருந்தது.

முதல் இரண்டாண்டுகள் மையார் பெர்ன் நகரில் ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1896-இல் பம்பிஞி என்னும் ஊரில் ஒரு சிறு இரயில் பாதைக்காகக் கம்பியற்ற கான்கிரீட்டுப் பாலம் ஒன்று அவர் பொறுப்பில் எழுந்தது. அதில் புதுமை ஏதுமில்லை. ஆனால் கல்லூரி முடித்த இரண்டே ஆண்டுகளில் ஒரு பாலத்தின் சாரத்தருகே நின்று, கலவை ஊற்றப்படுவதையும் அது இறுகுவதையும் சாரம் நீக்கப்படுவதையும் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

1897-இல் அவர் ஜூரிச் நகராட்சியின் பொறியியல் துறையில் சேர்ந்தார். நிலையான ஊதியமும் மதிப்பும் உள்ள பதவி அது. அங்கே அவருக்குக் கிடைத்த பெரும்பணி சீல் ஆற்றின்மேல் அமைந்த ஸ்டௌபாகர் பாலம். 1899-இல் கட்டி முடிக்கப்பட்ட அது, கிட்டத்தட்ட 40 மீட்டர் தாவும் ஒரே வில். கம்பியில்லாத கான்கிரீட்டால் ஆன அவ்வில்லில் மூன்று கீல்களை அவர் அமைத்தார். கரைகளில் இரண்டு, உச்சியில் ஒன்று.

மாணவர்கள் இந்தக் கீலைச் சற்று நின்று நோக்கவேண்டும். கதவின் கீல் கதவின் பாரத்தைத் தாங்கும். ஆனால் கதவு திரும்புவதைத் தடுக்காது. பாலத்தின் கீலும் அவ்வாறே விசையைக் கடத்தும். வளைக்கும் திருப்பத்தைக் கடத்தாது. கோடையில் வில் விரிந்தால் உச்சி சற்று உயரும், குளிரில் சற்று தாழும். கரையின் அடித்தளம் சிறிது அசைந்தாலும் வில் தன் நிலைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். உள்ளே புதிய தகைவு எதுவும் பிறக்காது. கணக்கும் எளிதாகிறது. கீலில்லாத வில்லுக்குப் பொருளின் மீள்தன்மை, வெப்பநிலை, அடித்தளத்தின் நெகிழ்வு ஆகிய அனைத்தையும் ஊகித்துக் கணக்கிடவேண்டும். மூன்று கீல் வில்லுக்கோ சமநிலைச் சமன்பாடுகளே போதும். தெரியாதவற்றை ஊகிப்பதைக் காட்டிலும், ஊகிக்கவேண்டிய தேவையே எழாதபடி கட்டுவது மேலன்றோ?

ஆனால் அப்பாலத்தைக் கரையில் நின்று காண்பவர்களுக்கு இவை எவையும் தெரியா. குஸ்தாவ் குல் என்ற கட்டடக் கலைஞரின் வரைவுப்படி அதன் முகப்பு முழுவதும் கல்லால் போர்த்தப்பட்டது. உள்ளே வில் எல்லாச் சுமையையும் சுமந்தது. அதன்மேல் எழுந்த பக்கச் சுவர்கள் பாதையைத் தாங்கி நின்றனவேயன்றி வில்லுக்கு எவ்வகையிலும் துணைசெய்யவில்லை. பாதை வெறும் பாரம், சுவர் வெறும் பாரம், வில் ஒன்றே உழைப்பாளி. இங்கேதான் மையார் உள்ளத்தில் ஒரு வடிவமைப்பு வினா எழுந்திருக்க வேண்டும். பாதை, சுவர், வில் மூன்றும் ஒரே பொருளால் ஊற்றப்படுகின்றன. அவை ஏன் ஒரே உடலாகச் சேர்ந்து உழைக்கக்கூடாது?

நகராட்சிப் பதவியில் இருந்துகொண்டு அந்த வினாவுக்கு விடைகாண்பது அரிது. அங்கே வரைவை ஒருவர் செய்வார், முகத்தை மற்றொருவர் அமைப்பார், கட்டுவதை ஒப்பந்தக்காரர் பார்ப்பார். மையார் 1899-இல் அப்பதவியைத் துறந்து, புரோட்டே–வெஸ்டர்மன் என்ற கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தார். இருபத்தேழு வயதில் எடுத்த இந்த முடிவை நான் அவர் வாழ்வின் திருப்பம் என்று கருதுகிறேன். கட்டுமானக்காரரிடம் பணிபுரியும் பொறியாளன் தன் வரைவுக்கு விலை சொல்லியாகவேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டைக் குறைத்தால் வேலை கிடைக்கும். குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்தால் பாலம் விழும். இந்த இரு அச்சங்களுக்கும் நடுவே சிந்திப்பதை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர இயலாது.

அதன் பயனாக எழுந்தது சுவோஸ் பாலம். சுவிட்சர்லாந்தின் கிழக்கே எங்கடின் பள்ளத்தாக்கில் இன் ஆற்றின்மேல், 1901-இல், சுமார் 38 மீட்டர் தாவும்படி அது கட்டப்பட்டது. மூன்று கீல்கள் இங்கும் உண்டு. ஆனால் கீழே மெல்லிய வில் தகடு, மேலே பாதைத் தளம், இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சுவர்கள் ஆகிய யாவும் கம்பி பதித்த கான்கிரீட்டால் ஒன்றாக வார்க்கப்பட்டு, உள்ளே வெறுமையான ஒரு பெட்டியாயின. கான்கிரீட்டில் இத்தகைய பெட்டி வடிவ வில் உலகில் இதுவே முதலாவது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றுக்கு முறியாமல் நிற்பதை அறிந்த நமக்கு இதன் தத்துவம் விளங்கும்: பொருள் ஓரங்களில் இருந்தால், குறைந்த எடையில் மிகுந்த விறைப்புக் கிடைக்கும்.

அந்தப் பெட்டி முழுவதையும் சரியாகக் கணக்கிட அன்றைய கொள்கையில் வழி இல்லை. வரைவைப் பரிசீலிக்க அழைக்கப்பட்டவர் பழைய ஆசிரியர் ரிட்டரே. கணக்கு முற்றுப்பெறாத ஒன்றை அனுமதிப்பதா என்ற கேள்வி அவர்முன் இருந்தது. அவர் வரைவை ஏற்றார். கட்டி முடிந்தபின் சுமை ஏற்றிச் சோதித்தார். பாலம் தாங்கியது. சூத்திரம் இல்லை என்பதற்காகப் பாலம் வேண்டாம் என்றோ, இளைஞனிடம் நம்பிக்கை இருக்கிறது என்பதற்காகச் சோதனை வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. மாணவருக்கு வாய்த்த புகழில் இந்த ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

1902-இல் மையார் ஜூரிச் நகரில் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். வரைவதும் அவரே, கட்டுவதும் அவரே. நேரம் நல்ல நேரமன்று. முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாசல் நகரில் கட்டிக்கொண்டிருந்த கம்பிக் கான்கிரீட்டுக் கட்டடம் ஒன்று இடிந்து, புதிய முறையின்மீதே மக்களுக்கு ஐயம் எழுந்திருந்தது. அவருக்கோ அப்போதுதான் திருமணமாகியிருந்தது. தவறு நேர்ந்தால் பழி சொல்ல மேலதிகாரியும் இல்லை, கூலிக்காரரும் இல்லை என்ற நிலையில் அவர் தம்மை வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1903-இல் சுவோஸ் பாலத்தின் பக்கச் சுவர்களில், கரைகளுக்கு அருகில், செங்குத்தான விரிசல்கள் தோன்றின. ஊரார் மையாரை அழைத்தனர். பாலம் கட்டியது முந்தைய நிறுவனம். அவர் இப்போது அங்கே இல்லை. ஆயினும் வரைவு அவருடையது. அவர் சென்று பார்த்தார்.

விரிசலைக் கண்டவுடன் ஒரு பொறியாளனுக்கு இரண்டு ஆசைகள் எழும். ஒன்று, சிமெண்டுப் பூச்சால் அதை மூடி மறப்பது. மற்றொன்று, அடுத்த பாலத்தில் அவ்விடத்தில் இன்னும் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்துத் தடிப்பாக்குவது. இரண்டாவது ஆசை பொறுப்புள்ளது போலத் தோன்றும். பெரும்பாலோர் செய்வதும் அதுவே. மையார் விரிசலை ஒரு செய்தியாகப் படித்தார். வெப்பமும் ஈரமும் மாறும்போது பாலத்தின் உறுப்புகள் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்தப் பிணக்கில் சுவர் பிளந்தது. ஆனால் பிளந்தபின்னும் பாலம் தாழவில்லை, வண்டிகள் சென்றன. அப்படியானால் பிளந்த அந்தப் பகுதி பாலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கவே இல்லை என்பது பொருள்.

மூன்று கீல் வில்லின் இயல்போடு இதை ஒப்பிட்டால் முடிச்சு அவிழும். கீல் உள்ள இடத்தில் வளைக்கும் திருப்பம் சுழியாகும். பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் சுமை நிற்கும்போது, கரைக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள கால்பகுதியில்தான் அது மிகும். ஆகவே வில் அங்கே ஆழமாகவும் கீல்களை நெருங்க நெருங்க மெலிந்தும் இருக்கவேண்டும். சுவோஸ் பாலத்திலோ பாதை மட்டமாகச் செல்ல, வில் கரையை நோக்கிக் கீழிறங்குவதால், சுவர் மிக உயரமாக இருந்தது கரையருகில்! எங்கே தேவை மிகக் குறைவோ அங்கே பொருள் மிக அதிகம்.

தீர்வு வலுவூட்டுவதன்று, நீக்குவது. 1904-இல் வரைந்து 1905-இல் முன்ரைன் ஆற்றின்மேல் கட்டி முடித்த டவனாசா பாலத்தில், மையார் கரையோரச் சுவர்களை முக்கோண வடிவில் வெட்டி எறிந்துவிட்டார். தாவும் நீளம் 51 மீட்டர். சுவோஸைவிட மிகப் பெரியது. கரையில் மெல்லிய தகடாகப் புறப்படும் வில், கால்பகுதியில் ஆழ்ந்து பருத்து, உச்சியில் மீண்டும் மெலிகிறது. கணக்குத் தாளில் வளைதிருப்பத்தை வரைந்தால் எந்த உருவம் கிடைக்குமோ அதுவே ஆற்றின்மேல் நின்றது. கல்லில் அந்த உருவம் நிற்காது. இரும்பில் அது இயல்பாகத் தோன்றாது. கம்பிக் கான்கிரீட்டு தனக்கென ஒரு முகத்தைப் பெற்றது அன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

மக்கள் உடனே கைகொட்டி வரவேற்றார்கள் என்று எண்ணவேண்டா. கற்பாலத்தின் கனத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்பாலம் ஏதோ குறைபட்டதாகத் தோன்றியது. அடுத்து வந்த பல ஆண்டுகளில் மையார் கட்டியவை பெரும்பாலும் வேறு வடிவினவே. 1910-இல் ஜூரிச் நகரில் ஒரு பண்டகசாலையில், உத்தரங்களே இல்லாமல் தூணின் தலை குடைபோல் விரிந்து தளத்தை ஏந்தும் முறையைக் கையாண்டார். 1912-இல் தொழில் பெருகவே குடும்பத்தோடு உருசிய நாடு சென்றார். பெரும் தொழிற்சாலைகளைக் கட்டினார். உலகப்போர் மூண்டது, 1916-இல் மனைவி காலமானார், புரட்சியில் சொத்து முழுவதும் போயிற்று. 1919-இல் மூன்று பிள்ளைகளுடனும் கடனுடனும் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. இனிக் கட்டுமான நிறுவனம் நடத்தப் பொருளில்லை. வரைவு தரும் பொறியாளராக ஜெனீவாவில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அவர் உருசியாவுக்குப் புறப்பட்ட 1912-ஆம் ஆண்டிலேயே ஆரெ ஆற்றின்மேல் ஆர்பூர்க் என்னும் ஊரில் கட்டிய பாலம் இரண்டாவது பாடத்தை வைத்திருந்தது. அங்கே வில் தனித்து நின்று தாங்கும், மேலே தூண்களின்மீது கிடக்கும் பாதைத் தளம் அதனோடு சேராது என்று கணக்கிடப்பட்டிருந்தது. தளத்தில் விரிசல்கள் விழுந்தன. வில் அசையும்போது தூண்கள் வழியே தளமும் அசைகிறது. நாம் கணக்கில் பிரித்தாலும் அவை பிரிந்து வாழ்வதில்லை. அப்படியானால் விறைப்பைத் தளத்துக்கே கொடுத்துவிட்டு வில்லை மெல்லிய தகடாக்கிவிடலாமே! ஆசிரியர் ரிட்டர் தொங்கு பாலங்களின் விறைப்பு பற்றி முன்னரே ஆராய்ந்திருந்த கருத்து இதற்கு வழிகாட்டிற்று. 1925-இல் டோனாட் ஊருக்கருகில் எழுந்த வால்ட்சீல் பாலத்தில், 43 மீட்டர் தாவும் வில்லின் தடிப்பு ஒரு முழத்துக்கும் குறைவு.

1921-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையையும் கல்லூரி மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். ஒருபுறம் திறந்த வாய்க்கால் வடிவ உத்தரத்தின் எடைமையத்தில் சுமையை வைத்தால் அது வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அதற்கு வெளியே ஒரு புள்ளியின் வழியே சுமை சென்றால் முறுக்கு நீங்குகிறது. சறுக்குமையம் என்று இன்று பாடநூல்களில் படிக்கும் அப்புள்ளியை விளக்கிக்காட்டியவர்களுள் முதன்மையானவர் மையார். 

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வந்து டவனாசா பாலத்தை அடித்துச் சென்றன. பாலத்தில் குற்றமில்லை, மலை வீழ்ந்தால் எந்தப் பாலம் நிற்கும்? ஆயினும் அவருடைய இளமையின் மிகச் சிறந்த படைப்பு ஒரு நாளில் இல்லாமற் போயிற்று.

மறு ஆண்டு, அதே மாநிலத்தில், ஷீர்ஸ் ஊரிலிருந்து ஷுடர்ஸ் என்னும் மலைச்சிற்றூருக்குச் செல்லும் பாதையில், சால்கினா ஓடையின் ஆழ்ந்த பிளவைத் தாண்ட ஒரு பாலத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. பிராடர் என்ற ஒப்பந்தக்காரருக்காக மையார் வரைவு செய்தார். டவனாசாவின் உருவமே மீண்டும் வந்தது. ஆனால் 90 மீட்டர் தாவலாக. பள்ளத்தின் ஆழத்தில் சாரம் கட்டுவதே இங்கே பெருஞ்செலவு. மையார் அதற்கும் தம் பெட்டி வடிவத்திலேயே விடை வைத்திருந்தார். சாரம் பாலம் முழுவதையும் தாங்கவேண்டியதில்லை. அடியிலுள்ள மெல்லிய வில் தகட்டை மட்டும் தாங்கினால் போதும். அது இறுகியபின், மேலே ஊற்றப்படும் சுவர்களையும் தளத்தையும் அதுவே ஏந்திக்கொள்ளும். ரிச்சர்டு கோரே என்னும் சாரக்கலை வல்லுநர் பள்ளத்தாக்கின் நடுவே விசிறிபோல் விரியும் மரச்சாரம் ஒன்றை எழுப்பினார். அச்சாரத்தின் ஒளிப்படத்தைக் காண்பவர் பாலத்தைவிட அதையே வியப்பர். எனக்கும் அந்த எண்ணம் உண்டு.

1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாலம் திறக்கப்பட்டது. ரிட்டர் 1906-இலேயே மறைந்துவிட்டார். எனினும் அவர் வகுத்த வழக்கப்படி இப்பாலமும் முழுச் சுமை ஏற்றி அளக்கப்பட்டது. மையாருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. இன்னும் பத்தாண்டு அவர் பாலங்கள் வரைந்தார். 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். 1991-இல் அமெரிக்கக் குடிசார் பொறியாளர் கழகம் சால்கினாடோபெல் பாலத்தை உலக வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. மேற்கே பயணம் செல்லும் மாணவர் எவரேனும் அதைக் காணச் சென்றால், எங்கடின் பக்கம் ஒரு நாள் ஒதுக்கிச் சுவோஸ் பாலத்தையும் பார்த்து வரலாம். பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டு, கரையோரத்தில் சுவர் முழுமையாக நிற்க, அது இன்றும் இன் ஆற்றின்மேல் இருக்கிறது.